சீற் பிடித்தல்

நேற்று இரவு பொரித்தவை.
பெட்டிக்கு நூறு, பெட்டிக்குள் நாலு அறை,
அறைக்கு இருபத்தைந்து மஞ்சள் கத்தல்.
கொலன்னாவைப் பொரிப்பகத்தின் பின்கதவில்
மக்பூல் நானா அடுக்கிக்கொண்டே கேட்கிறார்:
“மழைக்கு முந்தி முடியுமா மிஸ்?”

தாயைக் கண்டதில்லை இவை.
அவள் சிறகின் சூட்டை ஒரு கம்பிச்சுருள் கொடுத்தது.
அவள் எச்சத்தைத்தான் ஒருவரும் கொடுக்கவில்லை.
முட்டைக்கு மருந்துப் புகை, தட்டுக்குக் குளோரின்,
எங்கள் சப்பாத்துக்குக்கூட நீல உறை.
பார்த்துப் பார்த்துத் துடைத்ததில்
குஞ்சின் குடல்
இன்னும் ஒருவரும் பால் காய்ச்சாத புது ஃபிளாட்.
சாவி கதவிலேயே.

சல்மனெல்லா தட்டிவிட்டு வருகிற ஆளில்லை.
பல்லியின் உள்ளங்காலில் வரும்,
தீன்மூட்டையின் தையல் ஓரத்தில் வரும்,
ஒரே இரவில் எல்லா அறையிலும் பாய் விரிக்கும்.
குஞ்சுக்குக் காய்ச்சல்கூட வராமல் போகலாம்.
அது போகிற இடம் வேறு:
கிராண்ட்பாஸில் ஏதோவொரு குசினியில்
வெட்டுப் பலகையிலிருந்து சலாதுக்குத் தாவும்.

ஆகவே எங்கள் வேலை, முந்திக்கொள்வது.

பொரளையில், ஆய்வுகூடத்தின் பின்னால்,
பதினாலாம் நம்பர் என்றொரு பேட்டுக்கோழி இருந்தது.
ஆம், இருந்தது.
அதன் குருட்டுக்குடலில் எடுத்ததைக்
காற்றுப் படாத போத்தலில் வளர்த்தோம்.
நாற்றத்தைப் பற்றி எழுதலாம். வேண்டாம்.
சந்திமா டொக்டர் மூடியைத் திறந்து முகர்ந்து
“இன்னவா” என்றார்.
சிங்களத்தில் பொருட்கள் இருந்தால் அது ‘தியெனவா’.
உயிர்கள் இருந்தால்தான் ‘இன்னவா’.

வாகனத்துக்கு டீசல் இல்லை. இன்று காலை அவர்களைத்
தேநீர் ஃபிளாஸ்கில் ஊற்றி
மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தேன்.
ஒருத்தி யன்னலுக்குள்ளால் லேஞ்சியை எறிந்து
சீற் பிடித்தாள்.
அட, இதைத்தான் பண்ணைக்காரர் கூட்டத்தில் சொல்லவேண்டும்:
முந்தி வந்தவர் குந்திவிட்டால்
பிந்தி வருபவருக்குத் தொங்கக் கம்பியும் இல்லை.

நினைத்த உடனே வாய் கசந்தது.
எனக்குப் பத்தொன்பது வயதில்
வெள்ளவத்தையில் ஏழு லொட்ஜ். ஏழிலும்
“இடமில்லை, தங்கச்சி.”
எட்டாவதில் இடமிருந்தது. இரவு பொலிஸும் வந்தது.
எங்கிருந்து, எதற்கு, எத்தனை நாள்.
டோர்ச் வெளிச்சத்தில் படிவம் நிரப்பியபோது
நானே ஒரு கிருமி.

மனிதரைச் சொல்லிக் கிருமியை விளக்கக்கூடாது
என்று எனக்கொரு சத்தியம் இருக்கிறது.
ஆனாலும் ஃபிளாட் என்கிறேன், பாய் என்கிறேன்.
வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

பதினாலாம் நம்பரின் குடலில் படிவம் இருக்கவில்லை.
ஒன்று துப்பிய புளிப்பை இன்னொன்று தின்றது,
அது விட்ட மிச்சத்தைக் குடல்சுவர் குடித்தது.
எத்தனை இனமென்று நாங்கள் எண்ணி முடிக்கவில்லை.
அவ்வளவு நெரிசல். அந்த நெரிசலைத்தான்
ஃபிளாஸ்கில் கொண்டுவந்திருக்கிறேன்.

சிவப்புச் சாயம் கலந்தேன்,
கண்ணில் பட்டால்தான் கொத்தும்.
விசிறியதும் நூறு முதுகிலும் சிவப்பு மணிகள்.
தன் முதுகில் இருப்பது எந்தக் குஞ்சுக்கும் எட்டாது.
பக்கத்துக் குஞ்சின் முதுகைத்தான் கொத்தவேண்டும்.
கொத்தின.

பத்தாம் நாள் தட்டுகளை எண்ணுவேன்.
விசிறாத பெட்டியில் கரும்புள்ளி கொட்டிக் கிடக்கும்.
விசிறியதிலும் போனமுறை ஒன்பது.
ஒன்பதையும் எழுதினேன்.
முப்பத்தைந்தாம் நாள் எப்படியும் கத்தி.
மக்பூல் நானாவுக்கும் தெரியும், எனக்கும்.

தகரத்தில் மழை விழத் தொடங்கிவிட்டது.
கடைசிப் பெட்டியை மூடப் போனபோது
என் மணிக்கட்டில் தெறித்திருந்த துளியை
ஒரு குஞ்சு பார்த்தது,
தலையைச் சரித்தது,
கொத்தியது.

வலித்தது, கொஞ்சம்.